வாசிக்க மட்டும்

பென்டிரைவ் ஒன்று
டோல்கேட் அருகே கன்டெய்னர் லாரிச் சக்கரத்துக்குப் போனது.
அதற்குள் பதினொரு மஞ்சள் நீராட்டு, ஒரு காதுகுத்து,
வட்டச் செயலாளர் பிறந்தநாள்.
அன்றிரவுதான் சொன்னேன்:
இனி எதையும் பாக்கெட்டில் போட்டு எடுத்துப் போகவேண்டாம்.

கடை தண்டையார்பேட்டையில்.
மிஷின் கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம்.
நஸ்ரின் டிசைன் செய்வது காசிமேட்டில், இரண்டாம் மாடியில்,
மீன்கூடைத் தண்ணீர் சொட்டும் படிக்கட்டுக்கு மேலே.
கூட்ஸ் வண்டி கேட்டில் நின்றால்
மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்பார்கள்,
ப்ளெக்ஸில் ஏறாமல்.

எந்த சர்வர் போடுவது? மூன்று ராத்திரி.
நெக்ஸ்ட்கிளவுட் நல்லதுதான்.
நாலாயிரத்துக்கு வாங்கிய பழைய பெட்டிக்கு அது
ஒண்டுக்குடித்தனத்தில் கல்யாண மண்டபம்.
என்ஜின்எக்ஸ் வேகம்,
துணைக்கு ஆள் சேர்க்காவிட்டால் பூட்டத் தெரியாது.
ஆர்க்ளோன் ஒரே வரியில் எழுந்து நின்றது;
கரண்ட் போய் வந்தால் போட்ட பூட்டை மறந்துவிட்டது.
அப்பாச்சியிடம் போனோம்.
அது மாட்யூல் கேட்டது, சர்டிபிகேட் கேட்டது,
பூட்டுக்கணக்கு எழுத ஒரு ஃபைல் கேட்டது,
அந்த ஃபைலில் கைவைக்கத் தனக்கு அனுமதி கேட்டது.
எல்லாம் கொடுத்தேன்.
ஐம்பது எம்பிக்கு மேல் தூக்கமாட்டேன் என்றது விண்டோஸ்.
எட்டுக்குப் பத்து அஞ்சலி ஒன்று இருநூறு வரும்.
ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றினேன். தூக்கியது.

ஒருவர் திறந்தால் மற்றவர் எழுத முடியாது.
எனக்கு இது பிடித்திருந்தது.
என் அண்ணன்களுக்கு யாரும் இதைப் போட்டுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் வந்தார்,
பாஸ்போர்ட் சைஸில்.
துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர், அறுபத்தேழு.
நாலு மணிக்குச் சந்துமுனையில் கட்டியாக வேண்டும்.
கண்ணீருடன்: மகன்கள், மருமகள்கள், பேரன்கள்,
கேரம் கிளப், ஆட்டோ ஸ்டாண்டு.
பத்தரைக்கு நஸ்ரினுக்கு ஒரு போன்.
"பொண்ணுன்னு ஒருத்தி இருக்கேன்.
என் பேரையும் போடுவீங்களா?"

நஸ்ரின் திறந்தாள். எழுதினாள்.
கரண்ட் போனது.
லேப்டாப் பிழைத்தது, மோடம் செத்தது.
அடித்துச் சொல்ல ஏகாம்பரத்துக்குப் போன் போட்டிருக்கிறாள்;
மிஷின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.
அவன் எனக்குப் போட்டான்.
"நானூத்தி இருபத்தி மூணுன்னு வருதுக்கா.
யாரோ உள்ள இருக்காங்க."
அரைத்தூக்கத்தில் சொன்னேன்:
காப்பி எடுத்து அடி.

அடித்தான். கட்டினார்கள்.
ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது.
நஸ்ரினின் ஃபைல் தானாக மேலேறி வந்து
தன் இடத்தில் உட்கார்ந்தது,
மருமகள்களுக்கு மேலே ஒரு வரி கூடுதலாக.

புதன்கிழமை அவளே வந்தாள்.
ஹெல்மெட் கழற்றவில்லை.
"வேற அடிச்சுத் தரேம்மா, காசு வேணாம்" என்றேன்.
"எங்க மாட்டுவேன் அத?"

எதிர்ச் சாரியில் கேஸ் வண்டிக்காரன்
சிலிண்டரைத் தட்டிக்கொண்டே போனான்.
போனில் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.
டெர்மினலில் ஒரு பெயர் சேர்த்தேன்.
அஞ்சுகம்.
பாஸ்வேர்டு அவளே அடித்தாள், நான் திரும்பிக்கொண்டேன்.
ஒரு ஃபோல்டர், அதில் ஒரு ஃபைல்.
எழுத முடியாது, அழிக்க முடியாது, நகர்த்த முடியாது.
வாசிக்க மட்டும்.

மாதக் கடைசியில் டிஸ்க் நிரம்பும்.
ஏகாம்பரம் உட்கார்ந்து
பழைய அஞ்சலிகளை ஒவ்வொன்றாக அழிப்பான்.
ஒன்றுக்கு மட்டும் காலக்கெடு இல்லாத பூட்டு
என் பெயரில் கிடக்கிறது.
அவனிடம் சொல்லவில்லை.
ஒவ்வொரு மாதமும் மிஷின் ரூமிலிருந்து கத்துகிறான்:

"இதுக்குள்ள இன்னும் யாரோ இருக்காங்கக்கா."